பாஸ் மார்க் நாற்பது

எங்கள் பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ். அந்த 35ஐ எட்டாமல் அப்பாவிடம் அடி வாங்கியவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். அக்கா மகன் அந்த ரகம் இல்லை. கணக்கில் 98 வாங்கியவன். இருபத்து நான்கு வயதில் அவனுக்கு மனச்சிதைவு வந்தது. முப்பத்தோராம் வயதில்தான் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு பரீட்சையில் ஃபெயில் ஆனான். ஒரு புதன்கிழமை காலை, ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், மெடிக்கல் போர்டு முன்னால். அங்கே பாஸ் மார்க் 40.

தப்பு முழுக்க அக்கா பேரில்தான். "பெரிய டாக்டர் முன்னாடி நிக்கப் போறான்" என்று விடியுமுன் எழுப்பி, தலைக்கு ஊற்றி, சவரம் பண்ண வைத்து, தங்கை கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக் கூட்டி வந்தாள். அந்தச் சவரத்திலேயே பாதி மார்க் போய்விட்டது என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.

"பேரென்ன தம்பி?"

சொன்னான்.

"என்ன படிச்சிருக்க?"

"பி.எஸ்சி. மேத்ஸ் சார்."

"தெனம் குளிப்பியா?"

"குளிச்சிட்டுத்தான் சார் வந்தேன்."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு தொந்தரவும் கிடையாது சார். தங்கமான பிள்ளை. சொன்ன பேச்சு கேப்பான்."

"வேலைக்குப் போறானா?"

"முன்னாடி போனான் சார். இப்ப வீட்ல எனக்கு ஒத்தாசையா இருக்கான்."

முடிந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம்.

ஏழு வருஷமாக மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறவள் அவள். சேர்ந்தாற்போல் இருபது நாள் குளிக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தவனை வருந்தி வருந்திக் கூப்பிட்டவள். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கி, சாவியைத் தாலிக்கொடியில் முடிந்து வைத்திருப்பவள். 'ஒத்தாசை' என்று அவள் சொன்னது, வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டு மின்விசிறியோடு அரைமணி நேரம் பேசுவதை. இதில் ஒரு சொல்லைக்கூட அவள் அந்த அறையில் உதிர்க்கவில்லை. பெற்ற பிள்ளையை அந்நியர் முன்னால் குறைத்துச் சொல்லத் தெரியாத ஒரு தாயைப் பார்த்து, இந்திய அரசாங்கம் 'இவனுக்கு ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டது.

வெளியே ஜெராக்ஸ் கடை. எந்த அரசு ஆஸ்பத்திரி வாசலிலும் உண்மையான மெடிக்கல் போர்டு அங்கேதான் கூடுகிறது. கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்னம்மா, மொதத் தடவையா? அடுத்த வாட்டி ஒரு வாரம் குளிக்க விடாதீங்க. ஷேவிங் கூடாது. பேசாம வாய மூடிட்டு இருக்கச் சொல்லுங்க." குரலைத் தாழ்த்தினார். "மாத்திரைய ஒரு மூணு நாள் நிறுத்திக் கூட்டியாங்க. கண்டிப்பா கெடைக்கும்."

நோய் முற்றாமல் காப்பாற்றும் மாத்திரையை நிறுத்தினால்தான் நோய் இருப்பதாக அரசாங்கம் நம்பும் என்பதை, ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு மனிதர் எவ்வளவு துல்லியமாகப் புரிந்து வைத்திருக்கிறார்! இவரைச் சுகாதாரத் துறைக்குச் செயலாளராகப் போடலாம்.

இந்தப் பரீட்சைக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஐடியாஸ். இந்திய இயலாமை மதிப்பீட்டு அளவுகோல். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். அவர்களில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்று எவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, 2002இல், இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய இந்த அளவுகோல் மத்திய அரசிதழில் ஏறியது. தன்னைத் தானே பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை. இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மார்க். ஆக மொத்தம் 16. அதற்கு மேல் நோய் எத்தனை வருஷப் பழசு என்பதற்கு அதிகபட்சம் நான்கு. சீனியாரிட்டி இங்கேயும் உண்டு. கூட்டினால் 20.

ஆறு வரை எடுத்தால் லேசான இயலாமை; சலுகை கிடையாது. ஏழு முதல் பதின்மூன்று வரை எடுத்தால் 40 முதல் 70 சதவீதம். பதினான்கைத் தொட்டால் கடுமை. இருபதுக்கு இருபது எடுத்தால் நூற்றுக்கு நூறு. ஏழை இருபதால் வகுத்தால் 35 சதவீதம்தானே வரும், எப்படி 40 ஆயிற்று என்று அக்கா மகன்தான் என்னிடம் கேட்டான். கணக்கில் 98 வாங்கியவன் கேட்காமல் இருப்பானா? அது அரசாங்கக் கணக்கு, கேள்வி கேட்டால் தொடர்புத் திறனில் இன்னும் இரண்டு மார்க் குறைத்துவிடுவார்கள் என்றேன்.

அளவுகோலை நான் திட்டவில்லை. அதைச் செய்தவர்கள் மனநோயாளிகளோடு ஆயுளைக் கழித்தவர்கள். வீட்டாரிடம் விசாரித்து, பழைய சிகிச்சைச் சீட்டுகளைப் பார்த்து, இவன் நாள்பட எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொண்டுதான் மார்க் போட வேண்டும். இன்றைக்குப் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்து அல்ல. ஆனால் லட்சம் பேருக்கு முக்கால் மனநல மருத்துவர் இருக்கிற தேசம் இது. 0.75 என்று ஆய்வுக் கட்டுரைகளில் போடுவார்கள். எனக்கு முக்கால் டாக்டர் என்றே வாய் வருகிறது. காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்துவிட்டு, மதியம் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போக வேண்டிய அந்த முக்கால் டாக்டர், நான்கு துறைகளை நான்கு நிமிடத்தில் முடிக்கிறார். துறைக்கு ஒரு நிமிடம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை அங்கே தனியாக உட்கார வைத்துவிட்டு, நாற்பது என்ற கோட்டை இரும்பில் வார்த்துப் போனவர்கள் மேல்தான் கோபம்.

பெண் என்றால் இன்னும் விசேஷம். அந்த 'வேலை' என்ற பத்தியில் சம்பள வேலை, வீட்டு வேலை, படிப்பு என்று மூன்று வகை உண்டு. காதில் யாரோ 'செத்துப்போ, செத்துப்போ' என்று சொல்லிக்கொண்டிருக்க, அதோடு சண்டை போட்டுக்கொண்டே உலை வைக்கும் பெண்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்! "சமைக்கிறாளா?" "சமைக்கிறா சார்." பூஜ்யம்.

சரி, நாற்பது எடுத்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? முதலில் ஒரு அட்டை. ரேஷன் கார்டைப் போல அதற்கும் நிறம் உண்டு: 40க்குக் கீழே வெள்ளை, 40லிருந்து மஞ்சள், 80ஐத் தொட்டால் நீலம். பிறகு வேலைவாய்ப்பு. 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளில் மனநோயையும் சேர்த்தது. ஆனால் வேலைக்கு 3 சதவீதம் ஒதுக்கியபோது பார்வை, செவி, கை கால் என்று மூன்று பேருக்குப் பரிமாறிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்துவிட்டது. பந்தியில் உட்கார வைத்து இலை போடாத சட்டம். 21 ஆண்டுகள் கழித்து, 2016இல் புதுச் சட்டம். இப்போது இலை போட்டார்கள். ஒதுக்கீடு 4 சதவீதம். முதல் மூன்று பிரிவுகளுக்கும் ஒவ்வொன்று. மிச்சமிருக்கும் ஒன்றை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய ஐந்து பேரும் பிட்டுப் பிட்டுச் சாப்பிட வேண்டும். அதுவும் 'அடையாளம் காணப்பட்ட பணியிடங்களில்' மட்டும். அடையாளம் காண்கிறவர் யார் தெரியுமா? மனநோயாளி என்றால் கல்லெடுத்து எறிவான் என்று சினிமா பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு துறை.

இதெல்லாம் பரவாயில்லை. 2019இல் மருத்துவப் படிப்புச் சேர்க்கைக்கு ஒரு விதிமுறை வெளிவந்தது. அதன் பின்னிணைப்பில் மனநோய்க்கு ஒரு வரி. ஐடியாஸ் அளவுகோலில் 40க்குக் கீழே இருந்தால் படிக்கலாம், ஆனால் ஒதுக்கீடு கிடையாது. 40ஐத் தொட்டால் படிக்கவே தகுதி கிடையாது என்றது அது. நடுவில் ஒதுக்கீடு பெறுகிறவருக்கான கட்டத்தில் என்ன எழுதியிருந்தார்கள் என்றால், மனநோய் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று நிறுவப் புறவயமான வழிமுறை இல்லாததால் தற்போது பரிந்துரைக்க இயலாது, எதிர்காலத்தில் பார்க்கலாம் என்று. இரண்டு முறை படித்தேன். வெளியே தள்ளுவதற்கு அளவுகோல் இருக்கிறது. உள்ளே விடுவதற்கு அளவுகோல் இல்லை! ஒரே தாள், ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்துக் கட்டம். எழுதியவர்கள் டாக்டர்கள். சிந்தனைத் தொடர்பு அறுந்துபோவது எந்த நோயின் அறிகுறி என்று அவர்களுக்குப் பாடத்திலேயே இருந்திருக்கும்.

அலுவலகங்களுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தாள். கம்பெனி பெயர் வேண்டாம். எல்லாக் கண்ணாடியும் ஒரே கண்ணாடிதான். அக்டோபர் 10, உலக மனநல நாள். எல்லோருக்கும் பச்சை ரிப்பன் குத்தினார்கள், கப் கேக் கொடுத்தார்கள், 'மனம் விட்டுப் பேசுங்கள், நாங்கள் இருக்கிறோம்' என்று ஒரு மேலாளர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். இந்தப் பைத்தியக்காரப் பெண் அதை நம்பிப் பேசிவிட்டாள். எனக்கு இருமுனைக் கோளாறு இருக்கிறது, ராத்திரி மாத்திரை போட்டால் தூக்கம் அழுத்தும், நைட் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம் என்று. அவ்வளவுதான் அவள் கேட்டது. 2016 சட்டம் இதற்கு 'நியாயமான இணக்க வசதி' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது.

எச்.ஆர். ஒரு கடிதம் கேட்டார்கள். டாக்டரிடமிருந்து. 'முழுமையாகக் குணமடைந்துவிட்டார், இனி இந்த நோய் வராது' என்று. சர்க்கரை நோயாளியிடம் இப்படி ஒரு கடிதம் யாராவது கேட்டிருக்கிறார்களா? அந்த எச்.ஆர். தலைவரே மேசை டிராயரில் ரத்த அழுத்த மாத்திரை வைத்திருப்பவர். டாக்டர் நேர்மையானவர், 'தொடர் சிகிச்சையில் இருக்கிறார், வேலை செய்யத் தகுதியானவர்' என்று எழுதினார். தொடர் சிகிச்சை என்ற இரண்டு சொற்களுக்கு அடியில் சிவப்பு மையால் கோடு விழுந்தது. அவளுக்கு நைட் ஷிஃப்ட் மாறவில்லை. ஒரு தியான செயலிக்கு ஓராண்டு இலவச சந்தா வந்தது. மூன்றாம் மாதம் 'சொந்தக் காரணங்களுக்காக' ராஜினாமா செய்தாள். பணியின்போது குறைபாடு வந்தவரை வேலையை விட்டு நீக்காதே, தரம் இறக்காதே என்று அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்வது அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாருக்குச் சமவாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறது. எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு, லிஃப்டுக்குப் பக்கத்தில்.

இதே அவள் ஒரு மில்லில் வேலை பார்த்து இயந்திரத்தில் விரலைக் கொடுத்திருந்தால் கணக்கு சுலபம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் விலைப்பட்டியலே இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. வெள்ளைக்காரன் நூறு வருஷத்துக்கு முன் தொடங்கி வைத்துவிட்டுப் போன விரல் கணக்கு. மேலாளரின் கெட்ட வார்த்தையிலும் பதினான்கு மணி நேர வேலையிலும் மனசு நசுங்கினால் அது எத்தனை சதவீதம் என்று அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள். சுண்டு விரல் அளவுக்குக்கூட அது அங்கே கிடையாது.

அரசு வேலையிலிருந்தால் மட்டும் வாழ்ந்ததா? மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் ஒரு அதிகாரி. எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருப்பதாக 2009இல் கண்டறியப்பட்டவர். கொல்ல வேண்டும் அல்லது கொல்லப்பட வேண்டும் என்ற எண்ணம் விடாமல் வருகிறது என்று சொன்னார் என்று 2010இல் அவர்மேல் புகார் வந்தது. நோயின் அறிகுறியை எடுத்துப் புகாராக எழுதிவிட்டார்கள். காய்ச்சல்காரன் பாராவில் நடுங்கினான், ஒழுங்கு நடவடிக்கை எடு என்பது மாதிரி. விசாரணைக்கு மேல் விசாரணை. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்தது. மனநலக் குறைபாடு உள்ளவர் பணியிட ஒழுங்கில் தவறுவதற்கு அந்தக் குறைபாடும் ஒரு காரணமாக இருக்கலாம், அதற்காக அவரைத் தண்டிப்பது பாகுபாடு; துப்பாக்கி வேண்டாம் என்றால் துப்பாக்கி இல்லாத வேறு வேலை கொடு என்றது. ஒரு மேஜை நாற்காலி கொடுத்து முடிக்க வேண்டிய விஷயம். பதினோரு வருஷம்.

குடும்ப நீதிமன்றத்தில் இதே காகிதம் தலைகீழாக நிற்கும். போர்டில் 'இவனுக்கு ஒன்றுமில்லை' என்று விரட்டப்பட்டவனின் மாத்திரைச் சீட்டை, எதிர்த்தரப்பு வக்கீல் உயர்த்திப் பிடித்து 'பாருங்கள் கனம் நீதிபதி அவர்களே' என்பார். இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் மணமுறிவுக்கு ஒரு காரணம். நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு இருக்க வேண்டும் என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொல்லி என்ன? தூக்கமில்லை என்று என்றோ ஒருநாள் வாங்கிய மாத்திரையின் அட்டையை பீரோவில் பத்திரப்படுத்தும் கணவன்மார்களை எனக்குத் தெரியும். குற்றவியல் பக்கம் போனால் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. சித்த சுவாதீனம் இல்லாமல், செய்வது இன்னது என்றோ தவறு என்றோ அறியாமல் செய்தால் குற்றமில்லை. 1843இல் லண்டனில் பிரதமரின் செயலாளரைச் சுட்ட ஒருவனின் வழக்கிலிருந்து பிறந்த விதியின் சாயல். 2024 ஜூலையில் அடிமைச் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று முரசு கொட்டினார்கள். 84 போய் 22 வந்தது. சொற்றொடர் அதேதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் கை தூக்குவார்: "சார், போலிச் சான்றிதழ் வாங்குகிறார்களே?" வாங்குகிறார்கள். 2024இல் ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரியின் தேர்வை யு.பி.எஸ்.சி. ரத்து செய்தபோது, அவர் காட்டிய சான்றுகளில் மனநோயும் இருந்தது என்று நாடே பேசியது. ஏமாற்றிச் சலுகை பெற்றால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2016 சட்டத்தில் 91ஆம் பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்தட்டும். ஆனால் அந்தச் செய்தி வந்த மறுவாரம் யாரைக் கூடுதலாகச் சந்தேகித்தார்கள் தெரியுமா? பஸ் மாறி மாறி வந்து, டோக்கன் வாங்கி, வெயிலில் நின்ற என் அக்காவை. பெரிய இடத்தில் ஒரு பூனை பாலைக் குடித்தால், ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளின் வாயையும் முகர்ந்து பார்ப்பது நம் நிர்வாக மரபு.

இரண்டாம் தடவை போனோம். ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னபடி மாத்திரையை நிறுத்தவில்லை. அதற்கு நான் விடவில்லை. ஆனால் அக்கா சீப்பை ஒளித்து வைத்துவிட்டாள். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போடச் சொன்னாள். டாக்டர் கேட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். குளிக்காத இருபது நாளையும், மொட்டைமாடிப் பூட்டையும், மின்விசிறியையும். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். 45 சதவீதம் கிடைத்தது. தற்காலிகச் சான்று, காலம் முடிந்தால் திரும்ப வந்து இதே மாதிரி சொல்ல வேண்டும்.

அந்தச் சான்றை வைத்து ஒரு அரசு அலுவலகத்தில் கடைநிலை எழுத்தர் வேலை கிடைத்தது. உத்தரவு வந்தது. இணைக்க வேண்டியவை பட்டியலில் இரண்டு தாள்கள்: மனநோயால் பாதிக்கப்பட்டவர் என்பதற்கான மாற்றுத்திறனாளிச் சான்று ஒன்று; உடலாலும் மனதாலும் பணிக்கு முழுத் தகுதியுடையவர் என்ற மருத்துவத் தகுதிச் சான்று ஒன்று. இரண்டுக்கும் அதே ஆஸ்பத்திரிதான். ஏற்கெனவே கிடைத்தது நாலாம் அறையில். இன்னொன்றை வாங்க ஏழாம் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். கையெழுத்துப் போட்டது அதே டாக்டர். நடுவில் அவர் அறை மாறியிருந்தார், அவ்வளவுதான். தாளை நீட்டும்போது அவரும் எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும் அவரைப் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் கொண்டுபோய் நீட்டினோம். இருக்கையிலிருந்தவர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"தனித்தனியா குடுத்தா எப்படி சார்? ரெண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடிச்சுக் கொண்டாங்க."

ஸ்டேப்ளர் கீழே ஜெராக்ஸ் கடையில் இருந்தது. பின்னுக்கு ஒரு ரூபாய்.